துறவிக்குப் படுக்கை வெட்டிய ஊரார்

கரூரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 15 கி.மீ. போனால் வேலாயுதம்பாளையம். அங்குள்ள ஆறுநாட்டார் மலையில் முருகனைக் கும்பிடப் படியேறுகிறவர்கள் ஏராளம். பாறை இடுக்கில் இருக்கும் குகைகளை எட்டிப் பார்க்கிறவர்கள் சொற்பம். குகைக்குள் தலைமாட்டில் சற்றே மேடு விட்டுச் செதுக்கிய கற்படுக்கைகள் கிடக்கின்றன. வீடு, வாசல், உறவு எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்த சமண முனிவர்கள் படுத்த இடம். அருகிலுள்ள தமிழ் பிராமி எழுத்துகளைப் படித்தாலோ, உதறிவிட்டு வந்த உலகம் பெயர் பெயராக அங்கே வந்து நிற்கிறது.

யாற்றூர்ச் செங்காயபன் என்ற மூத்த அமணர் தங்குவதற்காக ஒரு கல்லை வெட்டிக் கொடுத்தவன் சேர இளவரசன் இளங்கடுங்கோ. அவன் இளங்கோவாகப் பட்டம் பெற்றபோது செய்த கொடை அது. தந்தை பெருங்கடுங்கோன், பாட்டன் கோ ஆதன் செல்லிரும்பொறை என மூன்று தலைமுறையும் கல்லில் இருக்கிறது. பதிற்றுப்பத்து பாடும் இரும்பொறை மரபோடு ஆய்வாளர்கள் இவர்களை இணைக்கிறார்கள். அரச குடும்பம் மட்டுமல்ல, கருவூர்ப் பொன் வாணிகன் நத்தியும் தன் பங்குக்கு ஓர் இருப்பிடம் செய்து கொடுத்திருக்கிறான். பொன்னைத் தொடக்கூடாத துறவிக்குப் பொன் வியாபாரியின் உபயம்!

இதில் முரண் ஏதும் இல்லை. சமண முனிவர் சமைக்கக் கூடாது, காசு வைத்திருக்கக் கூடாது, ஓரிடத்தில் நிலைத்திருக்கவும் கூடாது. ஆண்டில் பெரும்பகுதி நடை. மழைக்காலத்து நான்கு மாதம் மட்டும், முளைவிடும் உயிர்களை மிதித்துவிடாமல் இருக்க ஒரே இடத்தில் தங்கல். அப்போதும் பிச்சைக்கு ஊர்தான் கதி. ஆக, ஊரை விட்டு விலகியிருக்க வேண்டும். ஊர்ச்சோறு எட்டும் தூரத்திலும் இருக்க வேண்டும். இல்லறத்தாருக்கோ சோறிடுவதும் படுக்கை வெட்டுவதும் புண்ணியம்.

ஈரோட்டுக்குத் தெற்கே அரச்சலூர் மலைக்குகை இன்னும் விசித்திரமானது. அங்கே படுக்கைகளோடு, த, தை, தா எனத் தாளச் சொற்களும் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இடமிருந்து படித்தாலும் மேலிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் அடுக்கு. அவற்றை அமைத்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். வண்ணக்கன் என்றால் பொன்னும் மணியும் நோட்டம் பார்ப்பவன். புலவர் செ. இராசு வெளிக்கொணர்ந்த இந்தக் கல்வெட்டு தமிழிசை வரலாற்றில் அடிக்கடி பேசப்படுகிறது. மௌனத்துக்கென ஒதுங்கிய குகையில் ஆடல் சொற்கட்டு எதற்கு என்று கேட்கத் தோன்றும். வந்துபோன ஊரார் தமக்குப் பிடித்ததையும் அங்கே விட்டுச் சென்றார்கள் என்றே கொள்ளலாம். துறவிகள் அதை அழிக்கவில்லை.

கோவைக்கும் ஈரோட்டுக்கும் நடுவே விஜயமங்கலம். பெருங்கதை பாடிய கொங்குவேளிரின் ஊர் என்பது மரபு. அங்குள்ள சந்திரப்பிரபர் கோயிலில், சிரவணபெளகொளாவில் கோமதேசுவரரை எழுப்பிய கங்க அமைச்சர் சாமுண்டராயரின் தங்கை புள்ளப்பையின் நினைவு பொறிக்கப்பட்டிருக்கிறது. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். உண்ணா நோன்பிருந்து உயிர்விட்டவர். அதைவிடத் தனிமையான நோன்பு வேறு இருக்க முடியாது. ஆனால் சமண முறைப்படி அதையும் ஒருவர் தன்னிச்சையாகத் தொடங்கிவிட முடியாது: குருவின் இசைவு வேண்டும், முடியும்வரை உடனிருந்து அறவுரை சொல்லித் தேற்ற ஆட்கள் வேண்டும், முடிந்தபின் கல்லில் பெயர் வெட்டவும் யாராவது வேண்டும்.