நெரிசலுக்கு ஒரு படம்

1994 கோடைக்காலம். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், டி மான்ட்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகள். அத்தனைக்கும் சேர்த்து இருந்த இன்டர்நெட் லைன் ஒன்றே ஒன்று, அதுவும் 64 கிலோபிட். ஒருவரே முழு லைனையும் பிடித்துக்கொண்டாலும் ஒரு ஃபிளாப்பி கொள்ளும் அளவு கோப்பை இறக்க மூன்று நிமிடம் பிடிக்கும். வேகமான லைன் வர இன்னும் ஒரு வருடம் ஆகும் என்ற நிலை. அங்கே வேலை பார்த்த டோபியாஸ் ஓட்டிக்கர், லைன்தான் பெருகாது, அதன் நிலவரத்தையாவது எல்லோரும் பார்க்கட்டும் என்று பெர்ல் மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். அதுதான் எம்.ஆர்.டி.ஜி.

லைன் முனையில் இருக்கும் ரூட்டர் இப்போதைய வேகத்தைச் சொல்லாது. இதுவரை எத்தனை பைட் கடந்தது என்று மட்டும் எண்ணிக்கொண்டே போகும், நம் வீட்டு ஈ.பி. மீட்டர் மாதிரி. ஸ்கிரிப்ட் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த எண்ணைக் கேட்டு வாங்கும். 12 மணிக்கு 48 லட்சம், 12.05க்கு 66 லட்சம் என்றால் வித்தியாசம் 18 லட்சம் பைட். அதை 300 விநாடிக்கு வகுத்து எட்டால் பெருக்கினால் விநாடிக்கு 48,000 பிட், லைனில் முக்கால்வாசி. அந்தப் புள்ளி ஒரு வலைப்பக்கத்துப் படத்தில் ஏறிவிடும். உள்ளே வருவது பச்சையாக நிரம்பிய பரப்பு, வெளியே போவது நீலக் கோடு. அவ்வளவுதான்.

பார்த்துப் பழகியவருக்கு எண்ணே வேண்டாம். நள்ளிரவில் ஒரு மேடு தெரிந்தால் ஏதோ பேக்கப் ஓடுகிறது. உச்சி கூராக இல்லாமல் மணிக்கணக்கில் மொட்டையாகத் தட்டையாக நின்றால் லைன் நிரம்பிவிட்டது. நெட்வொர்க் நிலவரம் என்று மாநாட்டுத் திரைகளில் சுழலும் முப்பரிமாண பூகோளங்களைப் பார்த்து யாரும் லைன் வாங்கியதாகத் தெரியவில்லை. இந்த மொட்டை உச்சியைக் காட்டி வாங்கியவர்கள் ஏராளம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, பழசை மறக்கும் விதம். நாள் படத்துக்கு ஐந்து நிமிட சராசரி, வாரத்துக்கு அரை மணி, மாதத்துக்கு இரண்டு மணி, வருடத்துக்கு ஒரு நாள். விவரம் தேயத் தேய லாக் கோப்பு ஊதாமல் அப்படியே நிற்கும்.

1995 வசந்தத்தில் முதல் பதிப்பு வெளியானது. ரூட்டர்கள் கூடக்கூட ஸ்கிரிப்ட் திணறியது. 1996இல் டேவ் ராண்ட் என்பவர் கணக்குப் போட்டுப் படம் வரையும் பகுதியை சி மொழியில் எழுதி வேகம் கூட்டினார். 1999இல் ஓட்டிக்கர் அந்த மறக்கும் சேமிப்பைத் தனியாகப் பிரித்து ஆர்.ஆர்.டி.டூல் ஆக்கினார். காக்டை போன்ற நெட்வொர்க் கண்காணிப்புக் கருவிகள் அதன்மேல் எழுந்தவை.

அலுவலக நெட் மெதுவாக இருக்கிறது, பெரிய பிளான் போடுங்கள் என்று யாராவது சொன்னால், முதலில் ஒரு வாரத்து கிராஃபைக் கேளுங்கள். உச்சி மொட்டையாக இல்லையென்றால் கோளாறு வேறெங்கோ இருக்க வாய்ப்பு அதிகம். அதைத் தேடிவிட்டுப் பணம் கட்டுங்கள்.