லப்பைக்குடிக்காட்டு வரலாறும் நூலக ஆவணங்களும்

லப்பைக்குடிக்காடு, பெரம்பலூர் மாவட்டம் குன்னம் வட்டத்தில் வெள்ளாற்றின் தென்கரையில் அமைந்துள்ள ஒரு பேரூராட்சி ஆகும். எதிர்க்கரையில் கடலூர் மாவட்டத்தின் திட்டக்குடி உள்ளது. தமிழ் முசுலிம்கள் மிகுதியாக வாழும் இவ்வூரின் வரலாற்றை எழுத முனையும் மாணவர், கல்லூரி நூலகத்தில் ஊர்ப்பெயரை மட்டும் கொண்டு தேடினால் மிகச் சிறிதளவே கிடைக்கும். அந்தந்தக் காலத்தில் ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதை அறிந்து தேட வேண்டும்.

மாவட்ட எல்லைகள்

பெரம்பலூர் மாவட்டம் 1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடியும் பிரிந்தது. ஆகவே 1995க்கு முந்தைய செய்திகளைத் திருச்சிராப்பள்ளி என்ற தலைப்பில் தேட வேண்டும். எதிர்க்கரையான திட்டக்குடியின் ஆவணங்கள் பழைய தென்னார்க்காடு மாவட்டத் தொகுதிகளில் உள்ளன. ஆற்று வெள்ளம், சந்தை, போக்குவரத்து போன்றவற்றை ஆராய்வோர் இரண்டையும் பார்ப்பது இன்றியமையாதது.

கல்லூரி நூலகத்தில்

1883இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு மாறிய தூய வளனார் கல்லூரியும், 1951இல் தொடங்கப்பட்ட ஜமால் முகமது கல்லூரியும் இப்பகுதி மாணவர்கள் நாடும் பழைய கல்லூரிகளாகும். தூயி பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகங்களில் தமிழ்நாட்டு வரலாற்று நூல்கள் 954.82 என்ற எண்ணின்கீழ் வைக்கப்படும். லூயிசு மூர் தொகுத்த திருச்சிராப்பள்ளி மாவட்டக் கையேடு (1878), எமிங்வே எழுதிய மாவட்ட விவரச்சுவடி (1907), தென்னார்க்காட்டிற்கு பிரான்சிசு எழுதிய விவரச்சுவடி (1906) ஆகியவை அடிப்படை நூல்கள்.

இவை ஆட்சி நிருவாகத்திற்காக எழுதப்பட்டவை. எனவே நிலவரி, பாசனம், சாதி விவரங்கள் விரிவாக இருக்கும். சிற்றூர் வணிகரின் வாழ்வும் சமயக் கல்வியும் குறைவாகவே இடம்பெறும். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் பலவாறு எழுதப்பட்டிருக்கலாம் என்பதால், பொருளடைவில் ஒரே எழுத்துக்கூட்டலோடு நின்றுவிடக் கூடாது.

ஆவணக் காப்பகத்தில்

அடுத்த நிலை, சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1909இல் சென்னை ஆவண அலுவலகமாக உருவான இது, 1973இல் இப்பெயரைப் பெற்றது. வருவாய் வாரிய நடவடிக்கைகளும் மாவட்ட ஆவணங்களும் இங்கு உள்ளன. குறிப்பெடுக்கும்போது துறை, தொகுதி எண், நாள், பக்கம் ஆகிய நான்கையும் எழுதிக்கொள்ளாவிட்டால், அந்த ஆவணத்தை மறுபடி கண்டுபிடிப்பது கடினம்.

ஆண்டுக் கணக்கிலும் கவனம் தேவை. வருவாய்க் கணக்குகளில் வரும் பசலி ஆண்டு சூலை மாதம் தொடங்கும். பசலி 1300 என்பது 1890-91. பள்ளிவாசல் ஆவணங்களில் வரும் இச்ரி 1300 என்பதோ 1882-83. இரண்டையும் ஒன்றாகக் கொண்டால் ஏறத்தாழ எட்டாண்டுப் பிழை நேரும்.

ஊரில் உள்ள ஆவணங்கள்

அரசு ஆவணங்கள் விட்ட இடத்தை ஊர் ஆவணங்களே நிரப்ப முடியும். சமாஅத் திருமணப் பதிவேடுகள், கிரயப் பத்திரங்கள், வணிகக் கணக்குகள், வெளிநாடு சென்றோர் எழுதிய கடிதங்கள், அரபுத்தமிழ்ச் சுவடிகள் ஆகியவை இவ்வகையின. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழைப் படிக்கத் தெரிந்தோர் குறைந்து வருகின்றனர். பழைய வீடுகளை இடிக்கும்போது இத்தாள்கள் பழைய காகிதக் கடைக்குப் போய்விடுவதும் உண்டு. உரியவர் இசைவுடன் இவற்றைப் படமெடுத்து, எந்த வீட்டில் எப்போது கிடைத்தது என்ற குறிப்போடு அருகிலுள்ள கல்லூரி நூலகத்தில் ஒரு படி சேர்ப்பது மாணவர்களால் இயலும் பணியே. மூலம் உரியவரிடமே இருக்கலாம். படி நூலகத்தில் இருந்தால் பின்வரும் ஆய்வாளருக்கு அது எட்டும்.