எண்சாண் உடம்பும் சைக்கிள் சட்டையும்

கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் பெருஞ்சாலையில், ஏறத்தாழ நடுவழியில் இருக்கின்றது எங்கள் கிணத்துக்கடவு. பொன்மலை வேலாயுதசுவாமி கோயிலின் அடிவாரத்தில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நின்றால் ஒரு காட்சியைக் காணலாம். கோவைப் பக்கமிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் சைக்கிள்களின் மேல் நன்றாகக் குனிந்தபடி விரைந்து வருவார்கள். உடலோடு ஒட்டிய வண்ணச் சட்டை. முதுகின் கீழ்ப்புறத்தில் வரிசையாகப் பைகள். தொடையை இறுகப் பிடித்த கால்சட்டை. தேநீர்க் கடையருகில் அவர்கள் இறங்கி நிமிர்ந்து நிற்கும்போது பாருங்கள்: சட்டையின் முன்புறம் குட்டையாகவும் பின்புறம் நீளமாகவும் இருக்கும். தைத்தவர் தவறிவிட்டாரோ என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு.

அப்படி எண்ணியதனால் என் மாணவர் ஒருவர் இரண்டு வாரக் கூலியை இழந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அளவு சரிபார்க்கும் வேலையில் சேர்ந்தவர் அவர். கம்பெனியின் பெயர் இங்கு வேண்டா. ஐரோப்பாவிலிருந்து சைக்கிள் சட்டைகளுக்கு ஆர்டர் வந்தது. முன்துண்டு பின்துண்டைவிடக் குறைவாக இருப்பதைக் கண்ட அந்த இளைஞர், மாதிரியில் பிழை என்று முடிவுகட்டி, இரண்டையும் சமமாக்கி வெட்டச் சொல்லிவிட்டார். சரக்கு முழுவதும் வேண்டாமென்று திருப்பப்பட்டது. கூலியில் பிடித்தம் செய்தார்கள்.

இன்று அவர் தேர்ந்த கட்டிங் மாஸ்டர். சென்ற ஆண்டுப் பொங்கல் விடுமுறையில் என்னைப் பார்க்க வந்தபோது இரண்டு சைக்கிள் சட்டைகளை மேசைமேல் விரித்தார். ஒன்று இத்தாலிக்காரர்களின் அளவுப்படி தைத்தது. மற்றொன்று அமெரிக்கர்களின் அளவுப்படி. இரண்டின் கழுத்திலும் 'எல்' என்ற ஒரே எழுத்துதான். "ஏனுங்க ஐயா, ரெண்டும் எல்தானுங்க. ஒண்ணு எனக்குப் பத்தறதில்லீங்க, இன்னொண்ணு தொளதொளங்குது. கணக்குல அலகு எழுதலீன்னா ஒரு மார்க்குக் குறைப்பீங்களே, இதுக்கு அலகு எங்கீங்க?" என்று கேட்டார்.

மார்புப் பக்கத்தை அளந்து பார்த்தேன். சுற்றளவில் நான்கு விரற்கடை வேற்றுமை இருந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகள் கரும்பலகை முன் நின்றவனுக்கு அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. அதற்கு விடை தேடிய கதையைத்தான் இப்போது சொல்லப் போகின்றேன்.

நம் முன்னோர் 'எண்சாண் உடம்பு' என்றார்கள். அவரவர் கையால் அவரவர் எட்டுச் சாண். உயரமானவனும் எட்டுச் சாண்தான். குள்ளனும் எட்டுச் சாண்தான். இந்த முறையில் உடம்புகளுக்குள் ஏற்றத்தாழ்வு இல்லை. ஆனால் ஒருவர் அளவு மற்றொருவருக்கு உதவாது. பூ விற்கும் பெண்மணியின் முழத்தை வைத்து வீட்டில் நடக்கும் சச்சரவுகளை நீங்கள் அறிவீர்கள். மேல்நாட்டுத் தையற்காரர்களும் நெடுங்காலம் இப்படித்தான் இருந்தார்கள். ஆளுக்கொரு காகிதப் பட்டை எடுத்து, தோள், மார்பு, இடுப்பு ஆகிய இடங்களைக் குறிக்க ஓரத்தில் வெட்டுக் கொடுத்து வைத்துக்கொள்வார்கள். அதில் எண் என்பதே கிடையாது. எண்கள் பொறித்த அளவு நாடா அவர்களிடையே பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

எண் வந்தவுடன், எந்த எண் என்ற கேள்வியும் உடன் வந்தது. பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் பழைய அளவைகளை ஒழித்து, பூமியையே அளந்து ஒரு புதிய அளவு காண முற்பட்டனர். தெலாம்பர், மேஷேன் என்னும் இரு வானநூலார் 1792 முதல் 1798 வரை டன்கர்க் முதல் பார்சிலோனா வரையில் அளந்தனர். அதன் பயனாகப் பிறந்ததே மீட்டர். இத்தாலி ஒன்றுபட்ட 1861-ஆம் ஆண்டிலும், ஜெர்மனி 1872-இலும் அதனை மேற்கொண்டன. அமெரிக்காவோ 1866-இல் மீட்டரைச் சட்டப்படி அனுமதித்தும், கடைத்தெருவில் அங்குலத்தை விடவில்லை. 1975-இல் மாற்றத்திற்கென்றே ஒரு சட்டம் செய்தார்கள். விரும்பினால் மாறலாம் என்று எழுதினார்கள். எவரும் பெரிதாக விரும்பவில்லை!

ஆயத்த ஆடைகளின் அளவு எண்களில் இந்தப் பிரிவு அப்படியே படிந்துவிட்டது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில், அமெரிக்க வடபகுதி அரசு தன் படைக்குச் சீருடைகளை இலட்சக்கணக்கில் தைக்க நேர்ந்தது. இன்ன மார்புள்ளவர்க்கு இன்ன இடுப்பு இருக்கும் என்ற அறிவு அதிலிருந்து திரண்டது. ஆகவே அமெரிக்க ஆடவர் கோட்டில் 40 என்று எழுதியிருந்தால், மார்பு நாற்பது அங்குலம் என்று பொருள். இத்தாலியிலும் ஜெர்மனியிலும் அதே கோட்டில் 50 என்று இருக்கும். இது மார்புச் சுற்றளவின் சரிபாதி, செண்டிமீட்டரில். ஏன் பாதி? தையற்காரர் துணியை மடித்துப் பாதி உடம்புக்குத்தான் வரைகின்றார். மறுபாதி தானே வருகின்றது.

எனவே அமெரிக்க எண்ணோடு பத்தைக் கூட்டினால் ஐரோப்பிய எண் கிடைக்கும் என்றொரு சூத்திரம் வழக்கில் உண்டு. மாணவர்களே, காகிதமும் பென்சிலும் எடுத்துச் சோதியுங்கள். ஓர் அங்குலம் 2.54 செண்டிமீட்டர், 1959-இல் ஆங்கிலம் பேசும் ஆறு நாடுகள் கூடி இதனை உறுதி செய்தன. 36 அங்குலம் 91.44 செண்டிமீட்டர், பாதி 45.72. பத்தைக் கூட்டினால் 46. பொருந்துகின்றது. 40 அங்குலத்தின் பாதி 50.8, இதுவும் ஏறக்குறையச் சரியே. 46 அங்குலத்திற்கு வாருங்கள். 116.84-இல் பாதி 58.42. சூத்திரம் தருவதோ 56! பருத்த உடம்புக்காரர் இந்தச் சூத்திரத்தை நம்பி வாங்கினால் பொத்தான் தெறிக்கும். வாழ்நாளெல்லாம் கணக்குக் கற்பித்த நானே என் மாணவரிடம் முதலில் 'பத்தைக் கூட்டு' என்றுதான் சொன்னேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நம் இரண்டு சட்டைகளில் எண்ணும் இல்லையே, எழுத்தல்லவா இருக்கின்றது? அமெரிக்கர் பொதுவாக 42 முதல் 44 அங்குல மார்புக்கு 'எல்' என்பர். அதாவது 107 முதல் 112 செண்டிமீட்டர். ஐரோப்பியர் 52, 54 என்னும் எண்களை அவ்வெழுத்தில் அடக்குவர். 104 முதல் 108 செண்டிமீட்டர். இங்கேயே மூன்று, நான்கு செண்டிமீட்டர் போய்விட்டது. எஞ்சிய வேற்றுமைக்குக் காரணம் நாடாவில் இல்லை. சைக்கிளின் சரித்திரத்தில் இருக்கின்றது.

ஐரோப்பாவில் சைக்கிள் பந்தயம் மக்களின் திருவிழா. பிரான்சைச் சுற்றும் பந்தயம் 1903-இலும், இத்தாலியைச் சுற்றும் பந்தயம் 1909-இலும் தொடங்கின. இரண்டையும் தொடங்கி வைத்தவை பத்திரிகைகள். பிரெஞ்சுப் பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சானது. 1919 முதல் முன்னணி வீரருக்கு மஞ்சள் சட்டை. இத்தாலியப் பத்திரிகை இளஞ்சிவப்புத் தாள். 1931 முதல் அங்கே இளஞ்சிவப்புச் சட்டை. பந்தயக்காரர் மெலிந்தவர், மணிக்கணக்கில் வளைந்தே இருப்பவர். வளைந்தால் முதுகு நீள்கின்றது, வயிற்றுப்புறம் சுருங்குகின்றது. ஆகவே சட்டையின் பின்புறம் நீளம், முன்புறம் குட்டை. காற்றில் படபடக்கும் துணி வேகத்தைத் தின்னும், ஆகவே இறுக்கம். தொடக்கத்தில் கம்பளி நூலால் பின்னினார்கள். 1958-இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட லைக்ரா என்னும் இழுபடும் இழை 1970-களில் சைக்கிள் உடைக்கு வந்தபின், சட்டை உடம்பைவிடச் சிறிதாகவே தைக்கப்பட்டு, உடுத்தும்போது விரிந்து கொடுத்தது. என் மாணவர் பிழை என்று கண்டது, நின்றவர்க்குப் பிழை. சைக்கிளில் அமர்ந்தவர்க்கு அதுவே சரியான அளவு.

அமெரிக்காவின் கதை வேறு. 1890-களில் அங்கும் சைக்கிள் மோகம் தலைக்கேறியது. மோட்டார் வண்டி வந்தது. சைக்கிள் சிறுவர் விளையாட்டுப் பொருளாகச் சுருங்கியது. வளர்ந்தவர்கள் மறுபடியும் பெருமளவில் அதன்மேல் ஏறியது 1970-களின் தொடக்கத்தில்தான். அவர்களுட் பெரும்பாலோர் உடல்நலத்திற்காகவும் உல்லாசத்திற்காகவும் ஏறினவர்கள். சற்று நிமிர்ந்தே உட்காருபவர்கள். அவர்களுக்கென்று இடுப்பும் தோளும் தாராளமாக வெட்டப்பட்டன. இத்தாலியச் சட்டை வாங்கும் அமெரிக்கர் தமக்கு வழக்கமான அளவைவிட ஓர் அளவு கூட்டி வாங்குவது இதனால்தான்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். திருப்பூரில் பின்னல் தொழில் 1925-இல் தொடங்கியது. இந்தியாவில் மீட்டர் முறைக்கான சட்டம் 1956-இல் நிறைவேறியது. 32, 34, 36 என்றிருந்த பனியன்கள் 80, 85, 90 ஆயின. இரண்டு அங்குலப் படி 5.08 செண்டிமீட்டர், அதை ஐந்தாக்கிவிட்டார்கள். மிக நேர்த்தியான மாற்றம் என்பேன். உள்ளே போடும் துணியில் அரை விரற்கடையை யார் கேட்கப் போகின்றார்கள்? என் தந்தையார் மட்டும் கடைசிவரை "முப்பத்தாறு பனியன்" என்றே கேட்பார். கடைக்காரர் 90 என்று அச்சிட்டதை எடுத்துக் கொடுப்பார். இருவருக்கும் சண்டையே வந்ததில்லை.

1978-இல் வெரோனா என்னும் இத்தாலிய இறக்குமதியாளர் வெள்ளைப் பனியன் தேடித் திருப்பூருக்கு வந்தார். ஏற்றுமதி அதிலிருந்து பெருகியது. அன்று முதல் நம் ஊர்க் கத்தரிகள் ஒருநாள் மிலான் நகரத்தானின் மார்புக்கும், மறுநாள் நியூயார்க் நகரத்தானின் மார்புக்கும் வெட்டிக்கொண்டிருக்கின்றன. லேபிளில் எழுத்து ஒன்றே, உடம்பு வேறு.

அந்த உடம்புகளை யார் அளந்தார்கள் என்றும் கேட்க வேண்டும். 1939, 1940 ஆண்டுகளில் அமெரிக்க வேளாண்மைத் துறை ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தது. வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அக்கணக்கை அடிப்படையாக வைத்து 1958-இல் அரசு அளவுத் தரம் ஒன்றை வெளியிட்டது. கம்பெனிகளோ, வாங்குபவர் மனம் குளிர, பெரிய உடம்புக்குச் சிறிய எண்ணை ஒட்டத் தொடங்கின. 1983-இல் அத்தரம் கைவிடப்பட்டது. ஐரோப்பாவிலும் ஒற்றுமை இல்லை: ஜெர்மனியப் பெண்ணின் 38 பிரான்சில் 40 ஆகிவிடும். இக்குழப்பத்தைத் தீர்க்க 2001 முதல் ஐரோப்பியத் தரம் ஒன்று பகுதி பகுதியாக வெளிவந்தது. ஒரு மனித உருவை வரைந்து, மார்பும் இடுப்பும் எவ்வளவு என்று செண்டிமீட்டரில் அச்சிடுங்கள் என்பது அதன் வழி. துணியின் அளவன்று, உடுத்துபவரின் அளவு. கடைகளில் எழுத்துத்தான் இன்னும் ஆட்சி செய்கின்றது.

நம்மை யார் அளந்தார்கள்? உலகத்திற்கு உடை தைக்கும் நாட்டில், நம் உடம்புக்கென்று ஓர் அளவு அட்டவணை இருந்ததில்லை. ஆறு நகரங்களில் பதினைந்து முதல் அறுபத்தைந்து வயது வரையுள்ள 25,000 ஆண்களையும் பெண்களையும் கருவிகளால் அளக்கும் திட்டம், தேசிய ஆடை வடிவமைப்புக் கழகத்தின் வழியாக 2019-இல் அறிவிக்கப்பட்டது. தாமதமென்றாலும் வேண்டிய வேலை. கடையில் கால்சட்டை வாங்கி, நேரே தையற்காரரிடம் போய் நான்கு அங்குலம் வெட்டிக்கொள்ளும் நம்மவர் அனைவரும் அதை வரவேற்பர்.

இவையெல்லாவற்றையும் தாளில் எழுதி வைத்திருந்து, அடுத்த முறை வந்தபோது என் மாணவரிடம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஐயா, உங்களுக்கு ஒரு சட்டை தெச்சுத் தரேனுங்க, கையைத் தூக்குங்க" என்றார். சட்டைப் பையிலிருந்து நாடாவை எடுத்து என் மார்பைச் சுற்றினார். "முப்பத்தெட்டுங்க" என்று வாயால் சொன்னார். துண்டுக் காகிதத்தில் 96.5 என்று எழுதினார். மடிக்கப் போனவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். காகிதத்தை மறுபடியும் விரித்து, எண்ணுக்குப் பக்கத்தில் 'செ.மீ.' என்று சேர்த்தார்.