தங்குதூரி சூரியகுமாரி

தங்குதூரி சூரியகுமாரி (13 நவம்பர் 1925 – 25 ஏப்ரல் 2005) இசைத்தட்டுப் பாடகி, திரைப்பட நடிகை, மேடைக் கலைஞர். ஹைதராபாத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த ஆந்திரப் பிரதேசத்தின் மாநிலப் பாடல் இவர் குரலில்தான் முதலில் மக்களிடம் பரவியது.

திரைப்பயணம்

ராஜமுந்திரியில் பிறந்தவர். சென்னை மாகாணப் பிரதமராகவும், பின்னர் ஆந்திர மாநிலத்தின் முதல் முதலமைச்சராகவும் இருந்த ‘ஆந்திர கேசரி’ தங்குதூரி பிரகாசம் இவருடைய தந்தையின் சகோதரர்.

பின்னணிப் பாடல் வழக்கம் வேரூன்றாத அக்காலத்தில், நடிப்பவரே பாடவும் வேண்டியிருந்தது. குரல் வளமே பலருக்கும் திரையுலக வாசலைத் திறந்தது. சூரியகுமாரியும் அப்படித்தான் ‘விப்ரநாராயணா’ (1937) படத்தில் சிறுமியாக அறிமுகமானார். ‘ரைது பிட்ட’ (1939), ‘தேவத’ (1941) ஆகிய படங்கள் பெயர் வாங்கித் தந்தன. ‘கிருஷ்ண பிரேம’ (1943) படத்தில் நாரதர் வேடமேற்றார். தமிழில் ‘கடகம்’ (1947) படத்தில் நடித்தார். 1952இல் மிஸ் மெட்ராஸ் பட்டம் பெற்றார். திலீப்குமார் நடித்த ‘உடன் கட்டோலா’ (1955) இந்திப் படத்தில் அரசியாக வந்தார். அப்படம் ‘வானரதம்’ என்ற பெயரில் தமிழிலும் வெளியானது.

மாநிலப் பாடல்

சங்கரம்பாடி சுந்தராச்சாரி இயற்றிய ‘மா தெலுகு தல்லிகி’ பாடல், சித்தூர் நாகையா நடித்த ‘தீனபந்து’ (1942) படத்துக்காக எழுதப்பட்டது. ஆனால் படத்தில் இடம்பெறவில்லை. சூரியகுமாரி பாடிய இசைத்தட்டே அதை ஊரெங்கும் கொண்டு சேர்த்தது. 1975இல் ஹைதராபாத்தில் முதலாம் உலகத் தெலுங்கு மாநாடு நடந்தபோது, அது மாநிலப் பாடல் என்ற தகுதியைப் பெற்றது.

மேடையில்

1961இல் நியூயார்க்கில் ரவீந்திரநாத் தாகூரின் ‘இருட்டறை மன்னன்’ நாடகத்தில் அரசி சுதர்சனாவாக நடித்தார். இருளில் மட்டுமே தன்னைச் சந்திக்கும் கணவனை வெளிச்சத்தில் காணத் துடித்து, போலி மன்னனின் அழகில் மயங்கி, அகந்தை அழிந்த பிறகே உண்மையானவனை அடையாளம் காணும் பெண் அவள். அந்நிய மொழியில், அந்நிய அவையோர் முன் இந்தக் கனமான பாத்திரத்தைத் தாங்கிய சூரியகுமாரிக்கு, நியூயார்க் நாடக விமர்சகர்களின் அமைப்பொன்று சிறந்த நடிகை விருது வழங்கியது. அவருடைய நடிப்பு வாழ்வின் உச்சம் இதுவே.

1960களின் நடுவில் லண்டனில் குடியேறி, இந்தியக் கலைகளுக்கென ஓர் அமைப்பை நிறுவினார். ஓவியரும் எழுத்தாளருமான ஹரால்டு எல்வினை மணந்தார். லண்டனிலேயே காலமானார்.

மதிப்பீடு

பாட்டால் அறிமுகமாகி, நடிப்பால் உலக மேடை ஏறிய தென்னிந்தியப் பெண்களில் சூரியகுமாரி முன்னோடி. திரை வரலாறு அவருக்கு இன்னும் உரிய இடத்தைத் தரவில்லை. அவர் பாடிப் பரப்பிய பாடலோ நிலைத்துவிட்டது. 2014இல் ஆந்திரப் பிரதேசத்திலிருந்து தெலங்கானா தனி மாநிலமாகப் பிரிந்தது. 2024இல் அது தனக்கெனத் தனிப் பாடலை ஏற்றது. ஆந்திரப் பிரதேசத்தில் ‘மா தெலுகு தல்லிகி’ இன்றும் மாநிலப் பாடலாகத் தொடர்கிறது.