அரிசியை விட்டு சப்பாத்திக்கு மாறியும் சுகர் இறங்கலையா? கணக்கு எங்கே இடிக்குதுன்னு பார்ப்போம்!

வீட்டுல யாருக்காவது சுகர்னு ரிப்போர்ட் வந்த அன்னிக்கு ராத்திரியே ஒரு மாற்றம் நடக்கும். சோத்துப் பானை அடுப்பை விட்டு இறங்கும், சப்பாத்திக் கல் ஏறும். மூணு மாசம் கழிச்சு ஹெச்பிஏ1சி எடுத்துப் பார்த்தா நம்பர் அசைஞ்சிருக்காது. 'நான்தான் அரிசியைத் தொடுறதே இல்லையே!'ன்னு அப்பா நிஜமாவே குழம்பிப்போவார். அவர் சொல்றது பொய்யும் இல்லை.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. இன்னும் 13.6 கோடி பேர் அதற்கு முந்தைய கட்டத்தில் நிற்கிறார்கள். அதாவது, இதைப் படிக்கிற உங்களுக்கு இல்லைன்னாலும், உங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் யாரோ ஒருத்தருக்கு இருக்க வாய்ப்பு அதிகம். ஆப்பில் ஆர்டர் போடுறதும், மாசச் சாமான் வாங்குறதும் இப்போ உங்க கையில் இருக்கிறதால இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

மூணு சப்பாத்தியும் ஒரு தட்டு சோறும்

நாம சாப்பிடுறதுல ரத்த சர்க்கரையை நேரடியா, வேகமா ஏத்துறது மாவுச்சத்து. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பட்டியல்படி 100 கிராம் வெள்ளை அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து இருக்கு. முழுக் கோதுமை மாவில் 64 கிராம், கேழ்வரகில் 67 கிராம்.

இதைத் தட்டுக்குக் கொண்டு வருவோம். ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவுன்னு வெச்சா, மூணு சப்பாத்தியில் சுமார் 58 கிராம் மாவுச்சத்து. 75 கிராம் அரிசியை வடிச்சா ஏறக்குறைய 200 கிராம் சோறு வரும். அதுலயும் அதே 58 கிராம்தான்! சப்பாத்திக்குத் தொட்டுக்க உருளைக்கிழங்கு குருமா வெச்சா, சோத்தையே தாண்டிடும்.

அப்போ சப்பாத்தியால் பலனே இல்லையா? இருக்கு. 100 கிராம் அரிசியில் நார்ச்சத்து 3 கிராம்கூட இல்லை, முழுக் கோதுமை மாவிலும் கேழ்வரகிலும் சுமார் 11 கிராம் இருக்கு. நார்ச்சத்து செரிமானத்தை மெதுவாக்கும். தவிர, சப்பாத்தியை எண்ணிச் சாப்பிடுவோம். சோத்தை யாரும் எண்ணுறதில்லை. என்னைக் கேட்டா, சப்பாத்தியோட நிஜமான லாபமே இந்த எண்ணிக்கைதான். மூணு அஞ்சாச்சுன்னா அந்த லாபமும் போச்சு. இதெல்லாம் தவிடு நீக்காத கோதுமைக்குத்தான். மைதா பரோட்டாவை 'அதுவும் கோதுமைதானே'ன்னு இந்தக் கணக்கில் சேர்க்காதீங்க.

கேழ்வரகுக் கஞ்சி நல்லதா?

கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் குழு 1981-ல் 'கிளைசெமிக் இண்டெக்ஸ்' என்ற அளவுகோலைக் கொண்டு வந்தது. குளுக்கோஸுக்கு 100 மார்க் என்று வைத்து, மற்ற உணவுகள் சர்க்கரையை எவ்வளவு ஏத்துதுன்னு ஒப்பிடும் முறை இது. 55 வரை குறைவு, 70-க்கு மேல் போனால் அதிகம்.

இதில் பலரும் கவனிக்காத விஷயம், ஒரே தானியம் ஒரே மார்க் வாங்காது. எவ்வளவு நைஸா அரைக்கிறோமோ, எவ்வளவு குழைய வேக வைக்கிறோமோ, அவ்வளவு சீக்கிரம் அது குளுக்கோஸா மாறும். பல் செய்ய வேண்டிய வேலையை மிக்ஸி செஞ்சிடுது, வயிறு செய்ய வேண்டியதில் பாதியை அடுப்பு செஞ்சிடுது. அதனால, 'சிறுதானியம்தானே'ன்னு பெரிய சொம்பு நிறைய கேழ்வரகுக் கஞ்சி குடிச்சா, சுகர் சர்ருனு ஏறலாம். அதே கேழ்வரகை அடையா தட்டி, நிறைய முருங்கைக்கீரை போட்டு, அளவா சாப்பிட்டா கதை வேற. ஓட்ஸுக்கும் இதே சட்டம்தான். பழத்தை ஜூஸா பிழியறதைவிட கடிச்சுச் சாப்பிடச் சொல்றதும் இதனாலதான். ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸுக்கு மூணு நாலு பழம் போகும். மூணு பழத்தை ஒரே மூச்சில் உரிச்சுத் தின்னுவோமா?

'மண்ணுக்குக் கீழ விளையுற எதையும் தொடாதே' என்பது இன்னொரு பிரபல விதி. உருளை, மரவள்ளி, சேனைக்கு அளவு வேணும், சரி. கேரட், முள்ளங்கி, வெங்காயம்கூட மண்ணுக்குக் கீழதானே விளையுது? பொரியல் அளவுக்குச் சாப்பிட்டா அவற்றால் ஒரு பிரச்னையும் இல்லை.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் மூணுக்கும் சேர்த்து ஒரே பதில்: மூணுமே சர்க்கரைதான். 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட்டில் சர்க்கரை இல்லாமல் இருக்கலாம், மைதா இருக்கும். பாக்கெட்டைத் திருப்பி மொத்த கார்போஹைட்ரேட் எவ்வளவுன்னு பாருங்க.

முதல்ல எதில் கை வைக்கிறீங்க?

நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரி 2015-ல் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டது. டைப் 2 சர்க்கரை நோய் உள்ள 11 பேருக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு விதமாகக் கொடுத்தாங்க. ஒரு நாள் பிரெட்டும் ஜூஸும் முதலில், சிக்கனும் காய்களும் பிறகு. இன்னொரு நாள் அப்படியே தலைகீழ். காயும் சிக்கனும் முதலில் சாப்பிட்ட நாளில், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை 37 சதவிகிதம் குறைவாக இருந்தது. 11 பேரை வெச்சு ஊருக்கே சட்டம் போட முடியாதுதான். ஆனா, காசு செலவில்லாம இன்னிக்கே செஞ்சு பார்க்கலாம்.

நம்ம பழக்கம் நேர் எதிர். முதல்ல சோத்து மலை, நடுவில் பள்ளம் தோண்டி சாம்பார், ஓரத்தில் ஒரு ஸ்பூன் பொரியல். அந்தப் பொரியலை ஒரு கிண்ணமாக்கி, கூடவே முட்டையோ சுண்டலோ மீனோ வெச்சு, அதை முடிச்சிட்டு சோத்துக்குப் போங்க. பாதி வயிறு நிறைஞ்சிருக்கும், சோறு தானா குறையும். கிட்னி பாதிப்பு இருக்கிறவங்க மட்டும், புரதத்தைக் கூட்டுறதுக்கு முன்னாடி டாக்டரைக் கேட்டுக்கணும்.

சாப்பிட்டதும் 10 நிமிஷம் நடந்தாலும் பலன் உண்டு. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகம் 2016-ல் இதைச் சோதித்தது. எப்போதாவது ஒரே தடவையாக 30 நிமிஷம் நடப்பதைவிட, மூணு வேளையும் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பத்து நிமிஷம் நடந்தபோது சர்க்கரை அதிகம் கட்டுப்பட்டது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நடந்ததில்தான் வித்தியாசம் பெரிசு. ஒன்பதரைக்குத் தோசையை முடிச்சிட்டு அப்படியே போனோட படுக்கிற நமக்குன்னே சொன்ன மாதிரி இருக்கு.

ஒரே உணவு எல்லாருக்கும் ஒரே மாதிரி ஏத்தாது என்பதும் நிரூபணமான விஷயம். அதனால குளுக்கோமீட்டர் வெச்சிருந்தா, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து டெஸ்ட் பண்ணி, என்ன சாப்பிட்டோம் என்பதோடு போனில் குறிச்சு வைங்க. பொதுவா 180-க்குக் கீழே இருக்கணும்னு சொல்வாங்க. வயதானவங்களுக்கு டாக்டர் வேற இலக்கு வைக்கலாம். நாலு இட்லிக்கு உங்க அம்மாவோட உடம்பு என்ன சொல்லுதுன்னு ஒரு வாரத்தில் தெரிஞ்சிடும்.

பட்டினி கிடந்தா இறங்குமா?

காலையில் வெறும் வயிற்று சுகர் ஏறியிருக்குன்னு ராத்திரி சாப்பாட்டையே விடுறவங்க நிறைய பேர். நாம சாப்பிடலைன்னாலும் கல்லீரல் தன் கையிருப்பிலிருந்து குளுக்கோஸை ரத்தத்துக்கு அனுப்பிக்கிட்டேதான் இருக்கும். விடியற்காலையில் ஹார்மோன்களால் அது கூடும். அதுக்கு மருந்தை மாத்தணுமாங்கிறதை டாக்டர் பார்த்துக்குவார்.

உண்மையான ஆபத்து, மாத்திரையைப் போட்டுட்டு சாப்பிடாமல் இருப்பது. இன்சுலின் போடுறவங்களுக்கும் கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரை எடுக்கிறவங்களுக்கும் சர்க்கரை 70-க்குக் கீழே போகலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சில் குழப்பம் எல்லாம் அறிகுறிகள். யூடியூப் பார்த்து திடீர்னு கீட்டோ டயட்டில் இறங்குறவங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளோடு மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால், ரத்தத்தில் அமிலம் கூடி ஐ.சி.யு வரை கொண்டுபோகலாம். டைப் 1 என்றால் எந்த டயட்டுக்காகவும் இன்சுலினை நிறுத்தவே கூடாது.

சுகர் இறங்கிட்டா, உடனே மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில் கரைச்சுக் குடிக்கக் கொடுங்க. 15 நிமிஷம் கழிச்சுத் திரும்பவும் டெஸ்ட் பண்ணுங்க. ஏறலைன்னா இன்னொரு தடவை கொடுக்கணும். மயங்கிக் கிடக்கிறவங்க வாயில் எதையும் ஊத்தாதீங்க, 108-க்கு போன் பண்ணுங்க. வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை எடுக்கிறவங்களுக்கு சாதாரண சர்க்கரை உடனே வேலை செய்யாது, ஏன்னா அதை உடைக்கும் நொதியைத்தான் அந்த மாத்திரை தடுக்குது. அவங்களுக்கு குளுக்கோஸ் பவுடரே வேணும். அப்பாவோட மாத்திரை அட்டையைத் திருப்பி அந்தப் பேர் இருக்கான்னு பாருங்க. இருந்தா, மெடிக்கல் ஷாப்பில் ஒரு பாக்கெட் வாங்கி அவர் எப்பவும் எடுத்துட்டுப் போற பையில் போட்டு வைங்க.