கொடிக்கு ஒரு பருவம் போதும்

போன பங்குனியில் சம்பூருக்குப் போயிருந்தோம், கூடப் படிக்கிற தோழி ஒருத்தியின் வீட்டுக்கு. கிணற்றடிக்கும் வேலிக்கும் நடுவில் நாலடி அகலத்தில் ஒரு துண்டு நிலம். அதில் நாலு கம்பு நட்டு, பழைய மீன்வலையை நிமிர்த்திக் கட்டி, வெள்ளரிப்பழக் கொடியை ஏற்றிவிட்டிருந்தார்கள். காய் ஒவ்வொன்றுக்கும் கிழிந்த சாரித் துண்டில் ஒரு குட்டி ஏணை. காற்று அடிக்க அடிக்க அதுக்குள்ள கிடந்து ஆடுது. எங்களில் ஒருத்தன் உடனே போனை எடுத்து, "இது யூடியூப்பில வாற செங்குத்துத் தோட்டம் தானே அம்மம்மா?" என்று கேட்டான். தோழியின் அம்மம்மா சிரித்தா. "முகாமில இருக்கேக்க பழகினது பிள்ளை. அங்க படரவிட எங்க நிலம்?"

திரும்பி வந்த பிறகும் எங்களுக்கு அந்தப் பதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற ஆக்கள் நாங்கள். திருகோணமலை என்றால் கப்பல், கோட்டை, எண்ணெய்த் தாங்கி என்றுதான் எங்களுக்குப் படிப்பித்திருக்கிறார்கள். பந்தலுக்கு ஒரு வரலாறு இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

முதலில் கொடியைப் பற்றிக் கொஞ்சம். வெள்ளரி இயல்பில் தரையில் ஓடுகிற சாதி. மணல் தரையில் படரவிட்டால் ஒரு கொடிக்கே ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம் வேணும். நிமிர்த்திவிட்டால் ஒரு சாண் மண் போதும். மிச்சத்தை அது ஆகாயத்தில் எடுத்துக்கொள்ளும். கணுவில் வருகிற சுருளால் வலைக்கண்ணைப் பிடித்துக்கொண்டு தானே ஏறும். இலைகளுக்கு நடுவில் காற்று ஓடுவதால் பூஞ்சண நோயும் குறைவு. சிக்கல் பழத்தின் பாரத்தில்தான் இருக்கு. புடலங்காயும் பாவற்காயும் பந்தலில் தொங்கப் பிறந்தவை. புடலங்காய் நேராக நீளட்டும் என்று நுனியில் கல்லுக்கூடக் கட்டுவார்கள். வெள்ளரிப்பழம் அப்படியில்லை. பாரம் ஏறினால் கொடியை இழுத்து முறிக்கும், பழுத்தால் வெடிக்கும், காம்பை விட்டுக் கழன்று விழும். அதுக்குத்தான் ஏணை.

தமிழுக்கு இந்த விஷயம் புதுசே இல்லை. கொடி பற்றி ஏறுகிற கம்புக்குக் 'கொழுகொம்பு' என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறோம். முல்லைக் கொடிக்குத் தேரையே கொழுகொம்பாக நிறுத்திவிட்டுப் போன பாரியைப் பள்ளிக்கூடத்தில் கொடைவள்ளல் என்று படித்தோம். அவனுக்குத் தேரும் இருந்தது, பறம்புமலையும் இருந்தது. தேரும் இல்லாமல் காணியும் இல்லாமல் இருந்தவர்கள் எதைக் கொழுகொம்பாக வைத்தார்கள் என்பதுதான் எங்கட கேள்வி.

பந்தல் தடயம் விடாது. பருவம் முடிந்தால் கம்பைப் பிடுங்கி அடுப்பில் வைத்துவிடுவார்கள். இதே கொட்டியாரக் குடாவில் 1660இல் பிடிபட்ட றொபேர்ட் நொக்ஸ் கண்டி இராச்சியத்தில் கைதியாகப் பத்தொன்பது வருஷம் இருந்து, தப்பிப்போய், 1681இல் புத்தகம் போட்டார். அவர் பிடிபட்ட இடம் என்று மூதூரில் ஒரு நினைவுக்கல்லும் நிற்குது. கொடி வளர்த்த ஆக்களுக்கு ஒரு கல்லும் இல்லை. ஆனால் இந்தத் துறைமுகத்துக்கு வெளியிலிருந்து சாப்பாடு வருவது நின்ற நேரங்களைத் தேடிப்போனால் பந்தல் எங்கேயாவது தட்டுப்படுகிறது.

அப்படித் தேடினால் முதலில் நிற்பது 1942. இலங்கை அந்தக் காலத்தில் தன் அரிசியில் பெரும்பகுதியை வெளியிலிருந்தே எடுத்தது, அதிலும் முக்கியமாகப் பர்மாவிலிருந்து. 1942 மார்ச் 8இல் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 9 காலையில், ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு போட்டன. அன்றைக்கே 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. புத்தகங்கள் இந்த நாளை மணிக்கணக்காக எழுதியிருக்கின்றன. அதுக்குப் பிறகு சனம் என்ன சாப்பிட்டது என்பதை ஒரு பந்தியில் முடித்துவிடுகின்றன. அரிசி பங்கீட்டுக்குப் போனது, கோதுமை மா வீடுகளுக்குள் வந்தது. விவசாய அமைச்சராக இருந்த டி. எஸ். சேனாநாயக்கவின் காலத்து அரசாங்கம், கிடைக்கிற நிலத்தில் எல்லாம் பயிர் செய்யச் சொன்னது. பிரித்தானியாவிலும் அப்ப பூந்தோட்டத்தைக் கொத்தி மரக்கறி வைக்கச் சொல்லித்தான் பிரசாரம்.

இதில் ஒரு வேடிக்கை. அதே ஜப்பானில் சிசுவோக்கா என்ற இடத்தில் இன்றைக்குக் கண்ணாடிக் கூடாரத்துக்குள் முலாம்பழக் கொடியை நிமிர்த்தி ஏற்றி, ஒரு கொடிக்கு ஒரே ஒரு பழம் விட்டு, மற்றதை எல்லாம் கிள்ளிவிடுவார்கள். யுபாரி என்ற ஊரின் முலாம்பழம் இரண்டு, 2019இல் 50 இலட்சம் யென்னுக்கு ஏலம் போனது. கொடி ஏறுகிற விதம் ஒன்றுதான். அங்கே அது பரிசுப்பொருள், இங்கே அது கறி.

1970 முதல் 1977 வரை, சிறிமாவோ காலத்து இறக்குமதிக் கட்டுப்பாட்டைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். மிளகாயும் வெங்காயமும் யாழ்ப்பாணத்துக்குக் காசு கொண்டுவந்தன, மற்ற இடங்களில் சனம் பாண் வரிசையில் நின்றது, மரவள்ளி அவித்தது. 77இல் கதவு திறந்தது. அதை விட்டுவிட்டு எங்கட அம்மம்மா, அம்மாமாரின் காலத்துக்கு வருவோம்.

1990இல் யுத்தம் திரும்பத் தொடங்கிய பிறகு புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கு உரம், எரிபொருள், சீமெந்து, பற்றரி என்று எத்தனையோ பொருட்கள் தடை. மூதூர் கிழக்கும் அப்படியான பகுதியாகத்தான் கிடந்தது. யூரியா இல்லாமல் வயல் செய்வது பெரும்பாடு. சாம்பலும் மாட்டெருவும் போட்டு வீட்டுப் பந்தல் போடலாம். 2006 ஏப்ரல் கடைசியில் சம்பூர்ப் பக்கம் குண்டு விழுந்தது. சனம் எழும்பி ஓடியது. செப்டெம்பரில் இராணுவம் சம்பூரைப் பிடித்தது. 2007இல் அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. பிறகு அனல்மின் நிலையத்துக்கு, முதலீட்டுச் சபைக்கு, கடற்படை முகாமுக்கு என்று பிரிபட்டது. காணிச் சொந்தக்காரர் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் மணற்சேனையிலும் கட்டைபறிச்சானிலும் கொட்டில்களில் இருந்தார்கள், கிட்டத்தட்டப் பத்து வருஷம்.

அம்மம்மா கொடி ஏற்றப் பழகினது அங்கேதான். கொட்டிலுக்கும் கொட்டிலுக்கும் நடுவில் ஆள் நடக்கிற இடைவெளி. முதலில் பீர்க்கைத் தகரக் கூரைக்கு ஏற்றினாவாம், வெக்கை குறையட்டும் என்று. பிறகு புடோல். "வெள்ளரிப்பழம் ஆசைக்கு வச்சது. ஊரில சும்மா மண்ணில கிடந்து காய்க்கும்." நாங்கள் கேட்டோம், ஏன் ஒரு முருங்கையோ மாவோ வைக்கவில்லை? எங்களை ஒரு மாதிரிப் பார்த்தா. "அடுத்த மாசம் ஊருக்கு விடுவாங்கள், அடுத்த மாசம் விடுவாங்கள் எண்டுதானே இருந்தனாங்க. மரம் வச்சா இங்கயே இருக்கப்போறம் எண்டு அர்த்தம்."

தென்னை காய்க்க ஆறேழு வருஷம் வேணும். கொடிக்கு ஒரு பருவம் போதும், தையில் போட்டால் சித்திரைக்குள் பழம். விடச்சொன்னால் கம்பைப் பிடுங்கிக்கொண்டு போகலாம். வீட்டுத்தோட்டம் என்றால் ஏதோ ஓய்வுநேர வேலை என்று நினைத்திருந்த எங்களுக்கு இது உறைத்தது. ஒரு வளவில் மரம் நிற்குதா கொடி நிற்குதா என்று பார்த்தே அந்த வீட்டாருக்குக் காணியில் எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்று சொல்லிவிடலாம் போல. உறுதிப்பத்திரத்தை விட இது நல்ல ஆவணம் என்று எங்களுக்குள் ஒருத்தி சொன்னாள். கொஞ்சம் மிகைதான், ஆனாலும் எழுதி வைக்கிறோம்.

2015இலும் 2016இலும் நிலம் கட்டம் கட்டமாக விடுபட்டது. 2016இல் அனல்மின் திட்டமும் கைவிடப்பட்டது.

பிறகு 2022. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தி, நவம்பரில் அதைத் திருப்பி எடுத்த அரசாங்கம், 2022 ஜூனில் அரச ஊழியருக்கு மூன்று மாதம் வெள்ளிக்கிழமை லீவு தர முடிவெடுத்தது, வீட்டில் மரக்கறி வையுங்கோ என்று. அந்தச் செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டின 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. அதில் 61ஐ இந்திய நிறுவனத்தோடு சேர்ந்து அபிவிருத்தி செய்ய அந்த வருஷ ஜனவரியில்தான் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். நாங்கள் பெற்றோல் வரிசையில் நின்றோம். எங்கட போனில் திடீரென்று செங்குத்துத் தோட்ட வீடியோக்கள் குவிந்தன. பிளாஸ்ரிக் வலை இவ்வளவு, கிளிப் இவ்வளவு, விதை இங்கே வாங்கலாம் என்று. வாடகை வீட்டுக்காரருக்கும் லயன் வீட்டுக்காரருக்கும் வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தாலும் எந்த மண்ணில் நடுவது என்று ஒரு வீடியோவும் சொல்லவில்லை.

சம்பூர் வளவில் இப்ப தென்னை நிற்குது. ஊருக்கு வந்த முதல் மாரியிலேயே வைத்ததாம், காய்க்கத் தொடங்கிவிட்டது. அப்படியென்றால் வெள்ளரியைத் தரையில் விடலாமே என்று கேட்டோம். மாடு மிதிக்குமாம், கை பழகிவிட்டதாம். 2025 ஏப்ரலில் சம்பூரில் 120 மெகாவாட் சூரியமின் நிலையத்துக்கு அடிக்கல் வைத்த செய்தியையும் அம்மம்மா ரீவியில் பார்த்திருக்கிறா. எந்தப் பக்கக் காணி என்று எங்களிடம் இரண்டு தரம் கேட்டா.

வெளிக்கிடும்போது ஒரு ஏணையை அவிழ்த்துப் பழத்தை எடுத்துத் தந்தா. மேல் தோல் அப்பவே வெடிக்கத் தொடங்கியிருந்தது. "பஸ்சில மடியில வச்சுக்கொண்டு போங்கோ, கீழ வச்சா பிளந்திடும். வலை இன்னும் இருக்கு, கச்சான் எழும்ப முதல் வந்தா அவிட்டுத் தாறன்."