துபாஷிகளின் கையேடு முதல் அரசுப் பாடத்திட்டம் வரை: சீனத்தில் ஆங்கிலம் வேரூன்றிய கதை

சீனத்தில் ஆங்கிலக் கல்வியின் வரலாற்றை எழுதுவோரில் பலர், 1862ஆம் ஆண்டில் சிங் அரசு பெய்ஜிங்கில் நிறுவிய தொங்வென் குவான் என்ற மொழிப்பள்ளியிலிருந்தோ, அதற்குச் சற்று முன்னர் மக்காவிலும் ஹாங்காங்கிலும் கிறித்தவ மிஷனரிகள் நடத்திய பள்ளிகளிலிருந்தோ தொடங்குவதுண்டு. ஆவணங்களும் ஆசிரியர் பெயர்களும் அங்கிருந்துதான் ஒழுங்காகக் கிடைக்கின்றன என்பதால் இது இயல்பானதே. எனினும் அதற்கு ஏறத்தாழ நூறாண்டுக்கு முன்பே, பள்ளிக்கூடமோ பட்டம் பெற்ற ஆசிரியரோ இல்லாத நிலையில், குவாங்சோ துறைமுகத்தின் தரகர்களும் கடைக்காரர்களும் படகோட்டிகளும் தமக்குத் தாமே ஆங்கிலம் கற்பித்துக்கொண்டனர். அவர்களை முன்னோட்டமாக மட்டும் கருதி இரண்டு வரிகளில் கடந்துவிடுவது நியாயமாகாது.

அவர்களுக்கு அந்தத் தேவை எழுந்ததற்கு அரசின் கட்டுப்பாடுகளே காரணம். 1757ஆம் ஆண்டில் சியென்லுங் பேரரசர் ஐரோப்பியரின் கடல்வழி வணிகத்தைக் குவாங்சோ என்ற ஒரே துறைமுகத்துக்குள் அடக்கினார். அந்த ஏற்பாட்டை எதிர்த்து, கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபிளின்ட் என்பவர் 1759இல் வடக்கே தியான்ஜின் வரை கப்பலில் சென்று, சீன மொழியில் எழுதப்பட்ட மனு ஒன்றைக் கொடுத்தார். விளைவு கடுமையாக இருந்தது: ஃபிளின்ட் மூன்றாண்டுகள் மக்காவில் சிறை வைக்கப்பட்டார், மனுவை எழுத உதவியதாகக் குற்றம் சாட்டப்பட்ட சீனர் லியு யாபியன் தலை வெட்டப்பட்டு மாண்டார். அதன்பின் அந்நியருக்குச் சீன மொழி கற்பிப்பது உயிருக்கு ஆபத்தான தொழிலாயிற்று. 1807இல் குவாங்சோவுக்கு வந்த முதல் புராட்டஸ்டன்ட் மிஷனரியான ராபர்ட் மாரிசனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களும் அந்த அச்சத்துடனேயே அதைச் செய்தனர். அந்நியர் சீனம் கற்க வழியில்லை, ஆனால் தேயிலையும் பட்டும் பீங்கானும் கைமாறியாக வேண்டும் என்ற நெருக்கடியில், மொழி கற்கும் சுமை முழுவதும் சீனர் பக்கமே வந்து விழுந்தது.

அச்சுமையைச் சுமந்தவர்களில் அரசின் உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் முதன்மையானவர்கள். சீனத்தில் தொங்ஷி எனப்பட்ட இவர்கள், சென்னையின் கம்பெனிக் காலத்துத் துபாஷிகளைப் போலவே, மொழிபெயர்ப்போடு சுங்க வேலையும் அலுவலகத் தூதும் பார்த்தவர்கள். அவர்களும் வணிகர்களும் பேசிய மொழி பிட்ஜின் ஆங்கிலம் எனப்படும். அதாவது, இரு மொழியினர் வணிகத்துக்கென உருவாக்கிக்கொள்ளும், சொற்கள் குறைந்த, வேற்றுமையும் காலமும் களையப்பட்ட கலப்பு மொழி. சொற்களில் பெரும்பகுதி ஆங்கிலம், சில போர்ச்சுகீசியம். வாக்கிய அமைப்போ பெரிதும் குவாங்சோ வட்டாரச் சீனமான கான்டனீசின் வழியில் சென்றது. இதை ஐரோப்பியப் பயணிகள் பலர் கேலி செய்து எழுதினாலும், சீன வணிகரோடு பேசும்போது ஆங்கிலேயரும் அமெரிக்கரும் இதையேதான் பேசினார்கள் என்பதையும், பெருந்தொகை வணிகம் பல பத்தாண்டுகள் இதை நம்பியே நடந்தது என்பதையும் கருத்தில் கொண்டால், கேலிக்கு இடமே இல்லை.

இம்மொழியைக் கற்க உதவிய கையேடுகள்தாம் சீனத்தின் முதல் ஆங்கிலப் பாடநூல்கள். 'செம்முடி அந்நியர் பேச்சு' என்ற பொருளுடைய தலைப்புகளில், மரக்கட்டை அச்சில், சில தாள்களே கொண்ட சிறு புத்தகங்களாக அவை வெளிவந்தன. 1825 முதல் குவாங்சோவில் வாழ்ந்த அமெரிக்க வணிகர் வில்லியம் ஹன்டர், அத்தகைய கையேடு ஒன்று அந்நியர் குடியிருப்பை ஒட்டிய கடைகளில் சொற்ப விலைக்கு விற்கப்பட்டதைப் பதிவு செய்துள்ளார். அதன் அட்டையில் முக்கோணத் தொப்பியும் முழங்கால் வரையிலான காற்சட்டையும் அணிந்து, கையில் பிரம்புடன் நிற்கும் ஐரோப்பியர் ஒருவரின் படம் இருந்தது. உள்ளே சில நூறு சொற்கள் வணிகமும் எண்களும், மனிதர்களும் வழக்குச் சொற்களும், பொதுப் பேச்சு, உணவும் பிற பொருள்களும் என்னும் நான்கு பிரிவுகளாக வகுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு சீனச் சொல்லுக்கும் கீழே, அதற்குரிய ஆங்கிலச் சொல்லின் ஒலி சீன எழுத்துகளிலேயே தரப்பட்டது. ரோமன் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. எண் ஒன்றுக்கு நேரே கான்டனீசில் 'வன்' என ஒலிக்கும் எழுத்தும், மூன்றுக்கு நேரே புவியியலைக் குறிக்கும் 'தெய்லெய்' என்ற இரட்டை எழுத்தும் காணப்படும். கான்டனீசில் இல்லாத ரகரம் லகரமாகவும், நாக்கைப் பல்லிடை வைத்து ஒலிக்கும் ஆங்கில ஒலி தகரமாகவும் மாறின. ஒற்றில் முடியும் சொற்களுக்கு இறுதியில் ஓர் உயிரொலி ஒட்டிக்கொண்டது. குறைபாடுகள் வெளிப்படை. ஆயினும் எவற்றை முதலில் கற்க வேண்டும் என்பதை இக்கையேடுகளைத் தொகுத்தவர்கள் தெளிவாக அறிந்திருந்தனர். எண்ணையும் பொருளையும் பேரத்தையும் முன்வைத்த அந்த வரிசை, கற்பவரின் அன்றாடத் தேவையிலிருந்து பாடத்தை வகுப்பதாகும். பிற்காலத்து மொழிப் பயிற்றியல் பெருமையுடன் பேசிய கொள்கையை இந்தப் பெயரறியாத தொகுப்பாளர்கள் செயலில் காட்டிவிட்டார்கள்.

மிஷனரிப் பள்ளிகள் வேறொரு நோக்குடன் வந்தன. மாரிசனின் முயற்சியால் 1818இல் மலாக்காவில் தொடங்கிய ஆங்கிலோ-சீனக் கல்லூரிக்கு அவரே ஆங்கில இலக்கண நூல் ஒன்றை எழுதி 1823இல் வெளியிட்டார். அவர் நினைவாக 1839இல் மக்காவில் திறக்கப்பட்டு 1842இல் ஹாங்காங்குக்கு மாறிய பள்ளியில், அமெரிக்கரான சாமுவேல் பிரவுன் அரைநாள் ஆங்கிலமும், சீன ஆசிரியர் ஒருவர் அரைநாள் சீனமும் கற்பித்தனர். கட்டணம் வாங்கவில்லை, உணவும் உறைவிடமும் கொடுத்தே பிள்ளைகளைச் சேர்க்க வேண்டியிருந்தது, ஏனெனில் அரசுத் தேர்வுக்கு உதவாத கல்வியைத் தேடி வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளை எவரும் வரவில்லை. அந்த ஏழைச் சிறுவர்களுள் ஒருவரான யுங் விங் 1854இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பின்னர் அவரது இடைவிடாத வற்புறுத்தலால் 1872 முதல் 120 சீனச் சிறுவர்கள் அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பப்பட்டனர்.

அரசு அசைந்தது பிரிட்டனுடனான போரில் தோற்ற பின்னரே. 1858ஆம் ஆண்டின் தியான்ஜின் உடன்படிக்கையின் 50ஆம் விதி, பிரிட்டிஷ் அதிகாரிகள் இனி ஆங்கிலத்திலேயே எழுதுவார்கள், தற்காலிகமாக மட்டும் சீன மொழிபெயர்ப்பை இணைப்பார்கள், பொருளில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே செல்லும் என்று விதித்தது. தன் உடன்படிக்கையைத் தானே வாசிக்க இயலாத அரசாக இருக்க முடியாது என்பதை உணர்ந்த இளவரசர் குங், புதிய வெளியுறவு அலுவலகத்தின் கீழ் தொங்வென் குவானை நிறுவினார். 1862இல் மஞ்சு படையணிக் குடும்பங்களைச் சேர்ந்த 10 மாணவர்களுடன் வகுப்பு தொடங்கியது. ஆசிரியராக வந்த ஆங்கில மிஷனரி ஜான் பர்டன், மதம் போதிக்கக் கூடாது என்ற நிபந்தனையை ஏற்றே வந்தார். மாணவர்களுக்கு மாதாந்திர உதவித்தொகை தரப்பட்டது. அடுத்த இரண்டாண்டுகளில் ஷாங்காயிலும் குவாங்சோவிலும் இதே வகைப் பள்ளிகள் எழுந்தன. அமெரிக்கரான டபிள்யூ. ஏ. பி. மார்ட்டின் 1869இல் பெய்ஜிங் பள்ளியின் தலைமைப் பொறுப்பேற்றார். 1876இல் வகுக்கப்பட்ட எட்டாண்டுப் பாடத்திட்டம் எழுத்தறிவிலும் எளிய வாசிப்பிலும் தொடங்கி, இலக்கணம், வாக்கிய மொழிபெயர்ப்பு, உலக வரலாறு, கணிதம் எனப் படிப்படியாக உயர்ந்தது. முதல் அணியில் பயின்ற ஜாங் தேயி, 1891இல் குவாங்சு பேரரசர் ஆங்கிலம் கற்க விரும்பியபோது அவருக்கு ஆசிரியராக அமர்த்தப்பட்ட இருவரில் ஒருவர்.

இந்த அரசுப் பள்ளிகளுக்காக வாதாடியவர்களின் எழுத்துகளில் ஒரு கசப்பான இழை ஓடுகிறது. சீர்திருத்தச் சிந்தனையாளர் ஃபெங் குயிஃபென் 1861இல் எழுதிய கட்டுரையும், அடுத்த சில ஆண்டுகளில் அதை அடியொற்றி உயர் அதிகாரி லி ஹுங்சாங் பேரரசரிடம் சமர்ப்பித்த முறையீடும், துறைமுகத் துபாஷிகளைக் கல்வியற்றவர்கள், பேராசை கொண்டவர்கள், ஒழுக்கம் குறைந்தவர்கள் என்று சாடி, அவர்களை நம்பியிருக்கும் இழிநிலை நீங்கவே பள்ளி வேண்டும் என்று வாதிட்டன. துபாஷிகளுள் அத்தகையோர் இருந்திருக்கலாம். ஆனால் தொங்வென் குவான் தொடங்கிய அதே 1862ஆம் ஆண்டில் குவாங்சோவில் வெளியான 'யிங்யூ ஜிசுவான்' என்ற ஆறு தொகுதி நூலைப் புரட்டினால் அக்குற்றச்சாட்டு தளர்ந்துபோகும். அதன் ஆசிரியர் தாங் திங்ஷு, மாரிசன் நினைவுப் பள்ளியின் மாணவர், ஹாங்காங் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். மறு ஆண்டில் ஜார்டின் மாதிசன் நிறுவனத்தின் கம்ப்ரடோர் ஆனவர். ஐரோப்பிய நிறுவனத்தின் சீன வணிகத்தைத் தன் பொறுப்பில் நடத்தும் உள்ளூர் முகவரே கம்ப்ரடோர் எனப்பட்டார். வானியல் முதல் வணிக உரையாடல் வரை பொருள்வாரியாக வகுத்த அந்நூலில், பழைய கையேடுகளின் ஒலிக்குறிப்பு முறையை அவர் கைவிடவில்லை, செம்மைப்படுத்தினார். ஆங்கில எழுத்தையும் உடன் தந்து, பல இடங்களில் இலக்கண ஆங்கில வடிவத்துடன் குவாங்சோ பிட்ஜின் வடிவத்தையும் குறித்தார். தம் மக்கள் ஏற்கெனவே எதைப் பேசுகிறார்கள் என்பதை மதித்து, அங்கிருந்தே அவர்களை அடுத்த படிக்கு அழைத்துச் செல்லும் இந்த அணுகுமுறை, அக்கால அரசுப் பள்ளி எதிலும் காணக் கிடைக்காதது.

அரசுப் பள்ளிகள் எழுந்த இதே காலத்தில் மிஷனரிகள் தமக்குள் முரண்பட்டனர். ஆங்கிலம் கற்ற மாணவன் வேதம் பரப்ப நிற்காமல் வணிக நிறுவனத்துக்கு ஓடிவிடுகிறான் என்ற அனுபவத்தால் பலர் தம் பள்ளிகளில் ஆங்கிலத்தையே விலக்கினர். ஷான்துங்கில் பள்ளி நடத்திய கால்வின் மடீர் இக்கருத்தில் உறுதியாக நின்றார். ஷாங்காயிலோ நகரத்தின் தேவை வென்றது. அங்கு மாலை நேரத் தனியார் வகுப்புகள் பெருக, 1879இல் நிறுவப்பட்ட புனித ஜான் கல்லூரியும் 1881இல் ஆங்கிலத் துறையைத் திறந்தது.

1898இல் ஷாங்காயின் கமர்ஷியல் பிரஸ் வெளியிட்ட 'ஹுவாயிங் சூஜியே' என்ற தொடக்க வாசிப்பு நூல் இத்தேவைக்குப் பெருவாரியாக ஈடுகொடுத்தது. மிஷனரி அச்சகங்களில் தொழில் பழகியவர்கள் முந்தைய ஆண்டில் தொடங்கிய அந்நிறுவனம், இந்தியப் பள்ளிச் சிறுவர்களுக்காக ஆங்கிலேயர் தயாரித்த பாடநூலை எடுத்து, ஷியே ஹுங்லாய் என்ற கிறித்தவ அறிஞரைக் கொண்டு சீன விளக்கம் சேர்த்து அச்சிட்டது. அதே 1898இல் நாஞ்சிங் கடற்படைப் பள்ளியில் சேர்ந்த எழுத்தாளர் லூ சுன், வாரத்தில் ஏறத்தாழ நான்கு நாள் ஆங்கிலமே நடந்ததையும், மரபான தேர்வுப் படிப்பை விட்டு அங்கே செல்வது அந்நியரிடம் ஆன்மாவை விற்பதாகக் கருதப்பட்டதால் தம் தாய் அழுததையும் பின்னாளில் எழுதினார். ஆனால் காலம் விரைந்து மாறியது. 1904ஆம் ஆண்டுப் பள்ளி விதிமுறைகள் நடுநிலைப் பள்ளியில் அயல்மொழியைக் கட்டாயமாக்கின. 1905இல் ஆயிரத்து முந்நூறு ஆண்டு பழமையான அரசுத் தேர்வே ஒழிக்கப்பட்டது. நாடெங்கும் திடீரென ஆங்கில ஆசிரியர் தேவைப்பட்டபோது, தொங்வென் குவான் வகைப் பள்ளிகளில் பயின்ற சிலரைக் கொண்டு அதை நிரப்ப முடியவில்லை; மிஷனரிப் பள்ளிகளிலிருந்தும் துறைமுக நகரங்களின் வணிக அலுவலகங்களிலிருந்தும், ஒரு தலைமுறைக்கு முன் முறையீடுகள் இகழ்ந்த அதே வட்டத்தினரே வகுப்பறைகளுக்கு வந்து சேர்ந்தனர்.